கீழத்தரவையில் டீ நேரம்

“ஒப்பீட்டுக் குழு எது? எனக்குக் காட்டு.”

சந்தனமாரி தன் மணிக்கட்டில் கிடந்த தொடுவளையைப் பார்த்து இதைக் கேட்டபோது, கீழத்தரவை ஆயுள் வார்டில் காலைக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாளியோடு நின்ற ஆயா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். அடுத்த படுக்கையில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்த செவிலி, உனக்கென்ன கிறுக்கா என்பதுபோல் தலையை ஆட்டினாள். எதைக் கேட்டாலும் கண்ணிமைக்கும் முன் பதில் சொல்லும் வளை, அன்றைக்கு வாய் திறக்கக் கொஞ்சம் தயங்கியது.

செவிலியர் கல்லூரியின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். மருந்தின் அளவைக் கேட்கலாம், காரணத்தைக் கேட்கலாம், எத்தனை ஆண்டுச் சான்று என்றுகூடக் கேட்கலாம்; ஒப்பீட்டுக் குழு எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. சட்டம் தடுக்கவில்லை. பட்டம் வாங்கிய எந்தச் செவிலி கேட்டாலும் சான்றகம் என்ற இயந்திரம் வளை வழியே பதில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கேட்கக் கூடாது. ஒரு கவனிப்பு பலன் தருகிறதா என்று அறிய, அது கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிடைக்காதவர்கள் யார் என்று தெரிந்துவிட்டால் செவிலியின் கை இளகும். கை இளகினால் சான்று கெடும். மாரி இதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்.

அவள் சான்றகத்தை வெறுத்தவளும் அல்ல. அது வருவதற்கு முன் இருந்த காலத்தைப் பாடத்தில் படித்திருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு இடம், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு இடம், கிழவருக்கு ஒரு இடம். ஒரு இடத்தில் கொடுத்த மருந்து இன்னொரு இடத்துக்குத் தெரியாது. பெரிய டாக்டருக்கு எது பழக்கமோ அதுதான் வைத்தியம். இப்போது பிறப்பிலிருந்து சாவு வரை ஒரு ஆளுக்கு ஒரே ஆயுள் இழை. எல்லா வயதும் ஒரே வார்டில், ஒரே செவிலியின் கையில். எவரை எப்போது தொட வேண்டும், எப்படித் தொட வேண்டும் என்பதை நாடு முழுவதிலும் இருந்து வந்து குவியும் இழைகளைப் படித்துச் சான்றகம் சொல்லும். செவிலியின் ஒவ்வொரு தொடுகையும் வளையில் பதிவாகி அங்கே போகும். பதிவானதை அழிக்க மந்திரியாலும் முடியாது. மாரியைப் பெற்ற அன்று அவள் அம்மாவின் உதிரப்போக்கை நிறுத்தியது இந்தச் சான்றுதான். அதனால்தான் அவளுக்கு அத்தனை கோபம். ஏமாற்றியது நம்பியவளை.

கோபத்துக்குக் காரணம் அன்று காலை வந்த உத்தரவு. படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது இந்த வார்டின் முறை. பட்டணத்து முதல் பிரிவு வார்டுகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால், அவரவர் உடம்புக்கு ஏற்ற சான்று என்பார்கள். இனிமேல் முதல் பிரிவுக்கும் ஆறு மணி நேரமே போதுமாம். கீழத்தரவைக்குப் பத்து. எடை குறைந்து பிறந்த பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில் போட்டு அணைக்க வைப்பது இங்கே காலையில் சிறிது நேரம் நடக்கும். இனி அதுவும் வேண்டாமாம். வேலை குறைவதால் செவிலியரில் பாதிப் பேர் அடுத்த வாரம் வேறு ஊர்களுக்கு. கீழத்தரவையில் உடனே, மற்ற ஊர்களில் இன்று மதியம் முதல் இது நடைமுறைக்கு வரும். காரணம் ஒரே வரியில் இருந்தது: குறைத்துக் கொடுத்த இடத்தில் விளைவு குறையவில்லை.

குறைத்துக் கொடுத்த இடம் எது? அதைத்தான் அவள் கேட்டாள்.

“ஒப்பீட்டுக் குழு, கீழத்தரவை ஆயுள் வார்டு” என்றது வளை.

“எந்தக் கவனிப்புக்கு?”

“அனைத்துக்கும்.”

“எப்பலருந்து?”

“வார்டு திறக்கப்பட்ட நாளிலிருந்து.”

மாரி வளையை முகத்தருகே கொண்டுவந்தாள். “இந்த ஊரு ஏன்?”

“இப்பகுதியில் பிறப்புப் பதிவு இல்லாததால் தொடக்கம் அற்ற ஆயுள் இழைகள் அதிகம். தொடக்கம் அற்ற இழையில் இழப்பைக் கணக்கிட இயலாது. கணக்கிட இயலாத இழப்பு சுழியம் எனக் கொள்ளப்பட்டது.”

உப்பளத்தில் பிறந்தவர்கள்தான் அந்த வார்டில் முக்கால்வாசிப் பேர். பாத்தியில் வலி எடுத்து, பாத்தி ஓரத்திலேயே பெற்று, மூன்றாம் நாள் வேலைக்கு இறங்கியவர்களின் பிள்ளைகள். பிறந்த நேரம் சொல்ல ஆள் இல்லாததால், அவர்கள் முதுகு அழுகினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று ஒரு இயந்திரம் முடிவுகட்டியிருக்கிறது. அதுவும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்.

“முதல் பிரிவுக்கும் இந்த வார்டுக்கும் விளைவில் வேறுபாடு இல்லை” என்று வளை மேலும் சொன்னது, ஆறுதல் சொல்வதைப் போல.

அந்த நொடியில்தான் மாரிக்கு விஷயம் உறைத்தது. பக்கத்தில் நின்ற செவிலியைப் பார்த்தாள். அவளும் இவளைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நினைப்பு. டீ.

அந்த வார்டில் டீ என்றால் டீ அல்ல. வளையைக் கழற்றி வைக்கச் செவிலிக்கு அனுமதி இருப்பது டீ நேரத்தில் மட்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. வளைகளைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ‘டீக்குப் போறோம்’ என்று சொல்லிக்கொண்டு, நேரே வார்டுக்குள் வருவார்கள். அவரவர் படுக்கைகளைப் புரட்டுவார்கள். முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். மூக்குக் குழாயும் ஒயர்களுமாகக் கிடக்கும் பிள்ளைகளைப் பக்குவமாக எடுத்துத் தாயின் நெஞ்சில் வைப்பார்கள். வளை இல்லாத கை எதைத் தொட்டாலும் அது நடக்காததுதான். டீ போடுகிற ஆயா ஆறிப்போன டீயை வாளியில் ஊற்றிக்கொண்டே, “எவ்வளவு டீ குடிச்சும் இந்த நர்ஸம்மாமாருக்குப் பித்தம் வரமாட்டேங்குதே” என்பாள். வார்டே சிரிக்கும். இப்படித்தான் வருஷக்கணக்காக நடந்துவந்தது. கேட்டால், பாவம் பார்த்துச் செய்தோம் என்பார்கள்.

பாவம் பார்த்த கை பதிவாகவில்லை. கிழவர்கள் முதுகு மட்டும் சுத்தமாகப் பதிவானது. அதைப் படித்துத்தான் சான்றகம் கற்றுக்கொண்டது: தொடாமலே விட்டாலும் மனிதர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

“யக்கா” என்று ஒரு குரல் கேட்டது. ஜன்னலோரப் படுக்கையில் ராஜகனி. உப்பு வாரும் பெண். ஏழாம் மாதத்திலேயே பெற்றுவிட்டாள். பிள்ளை பக்கத்தில் வெதுப்புப் பெட்டிக்குள் கைவிரல் தடிமன் கால்களோடு கிடந்தது. “காலையிலருந்து பிள்ளைய எடுத்துத் தரலியே. நெஞ்சுல போடுவியளா இன்னைக்கு?”

“ராத்திரி மூச்சு எப்பிடி இருந்துச்சு?”

“பெட்டிக்குள்ள கிடந்தா ரெண்டு மூணு தடவை நிறுத்திருதான். அந்த மணி அடிக்கி. என் மேல கிடந்தா நிறுத்த மாட்டேங்கான். நான் சும்மா சொல்லலக்கா, நீங்களே பாத்தியள்ளா?”

மாரி பார்த்திருக்கிறாள். பெட்டியின் திரையில் அந்த நெளிகோடு தாயின் நெஞ்சில் பட்டதும் சீராவதை டீ நேரம்தோறும் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்தாள், சான்றகம் பார்க்கவில்லை. டீ நேரத்தில் திரையிலிருந்து சான்றகத்துக்குப் போகும் கம்பியைப் பிடுங்கிப் பதிவை நிறுத்திவிடுவது அவர்கள் வழக்கம். மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா.

“ஜாக்கெட் கொக்கியக் கழட்டி, துணியப் போத்திக்கிட்டு சாஞ்சு உக்காந்திரு” என்றாள் மாரி. “மேல போயிட்டு வாரேன்.”

மாடியில் கண்காணிப்பாளர் அறை. ஜெசிந்தா சிஸ்டர் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுவர்த்திரையில் தலைநகரிலிருந்து ஆய்வு அலுவலர் நிர்மலன் வந்திருந்தார். ஒப்பீட்டுக் குழுவைப் பற்றி யாராவது கேட்டால் உடனே அங்கே மணி அடிக்கும் போலிருக்கிறது.

“ஏட்டி, வந்து உக்காரு” என்றார் ஜெசிந்தா. குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. “சார் கேக்காக. தெரியாம வாய் தவறிக் கேட்டுட்டேன்னு சொல்லிரு. முடிஞ்சுது.”

“வாய் தவறல சிஸ்டர்.”

நிர்மலன் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, தூங்காத கண்கள். “சந்தனமாரி, உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா ஒப்பீட்டுக் குழுன்னு ஒண்ணு இல்லாம சான்றே கிடையாது. அது எங்கயாவது இருந்துதான் ஆகணும்.”

“எங்கயாவது இருக்கட்டும் சார். சீட்டுக் குலுக்கிப் போடுங்க. பட்டணத்துல பாதி, இங்க பாதின்னு போடுங்க. அதைத்தான எங்களுக்குப் பாடமா நடத்துனீங்க? ஆரம்பத்துலருந்து அவ்வளவையும் ஒரே ஊர் தலையில கட்டுறதுக்குப் பேரு குலுக்கலா?”

“நிர்வாக வசதிக்காக…”

“பிறப்புப் பதிவு இல்லாதவன் செத்தா நஷ்டம் சுழியம். அந்த வசதிதானே?”

ஜெசிந்தா மேசைமேல் இருந்த கண்ணாடிப் பேப்பர் வெயிட்டை இடம் மாற்றி வைத்தார்.

“அதைக்கூட விடுங்க சார். உங்க சான்றே பொய்” என்றாள் மாரி. “எங்க வார்டுல ஆறு மணி நேரம் யாரையும் ஒரே பக்கமா படுக்கப் போட்டதில்ல. டீ நேரத்துல வளையக் கழட்டி வச்சிட்டு நான் புரட்டுவேன். பிள்ளைய எடுத்து நெஞ்சுல போடுவேன். நான் வேலைக்கு வந்த நாள்லருந்து செய்யுதேன். மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. என் கையப் பத்தி மட்டும் சொல்லுதேன்.”

மத்தவங்களைப் பற்றித் தெரியாது என்று அவள் சொன்னபோது ஜெசிந்தாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. அந்த டீயை முதலில் குடிக்க ஆரம்பித்தவரே அவர்தான். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்.

நிர்மலன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு இது புதிய செய்தி. அவர் மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது திரையிலேயே தெரிந்தது. கடைசியில் மெல்லச் சொன்னார்: “அப்போ இன்னைக்கு மதியம் மாநிலம் முழுக்கப் போற உத்தரவு தப்பு.”

“ஆமா.”

“மத்த ஊர்ல யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க. அங்க நிஜமாவே புண் வரும். பிள்ளைங்க நிஜமாவே மூச்சை நிறுத்தும்.”

“அதைச் சொல்லத்தான் மேல வந்தேன் சார்.”

“ஆனா நீங்க வாயால சொல்றது சான்று ஆகாது மா. பதிவுதான் சான்று. பதிவுல உங்க வார்டு சுத்தமா இருக்கு.” அவர் முன்னால் குனிந்தார். “ஒரே வழிதான் இருக்கு. ஒரு மாசம் டீயை நிறுத்துங்க. நிஜமா நிறுத்துங்க. நாலஞ்சு பேருக்குப் பாதிப்பு வரும், அது பதிவாகும், சான்றகம் தானே உத்தரவைத் திருப்பி எடுத்துக்கும். லட்சக்கணக்கானவங்களுக்கு நாலஞ்சு பேர். யோசிச்சுப் பாருங்க.”

அவர் சொன்னதில் கணக்குத் தப்பில்லை. அதுதான் மாரியை இன்னும் எரித்தது.

“அந்த நாலஞ்சு பேர் பேரைச் சொல்லட்டுமா?”

“பேர் வேண்டாம்.”

“வேலாண்டி. முப்பது வருசம் பாத்தியில நடந்து பாதம் ரெண்டும் வெடிச்சவரு, இப்போ இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. நல்லா கெட்ட வார்த்தை பேசுவாரு. அப்புறம் ராஜகனி மகன். அவனுக்கு இன்னும் பேரு வைக்கல.”

“நான் பேர் வேண்டாம்னு சொன்னேன்.”

“உங்க அம்மா இருக்காங்களா சார்?”

நிர்மலன் நிமிர்ந்தார். “இருக்காங்க.”

“எந்தப் பிரிவு?”

“முதல் பிரிவு.”

“அவங்களைக் கொண்டாந்து எங்க வார்டுல ஒரு மாசம் படுக்கப் போடுங்க. நான் ஒவ்வொரு டீயும் உக்காந்து குடிக்கேன். சுத்தமான சான்று கிடைக்கும்.”

“மாரி!” என்றார் ஜெசிந்தா.

“என்ன சிஸ்டர்? கணக்கு அதேதான? ஒருத்தருக்கு லட்சம் பேரு.”

திரையில் இருந்தவர் தண்ணீர் குடித்தார். அவர் மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது, அலுவலகக் குரல். “முதல் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. இன்னைக்கே மாறுதல் போட முடியும். உங்களை மாதிரி அறிவுள்ள பொண்ணு அந்த உப்புக்காட்டுல கிடக்க வேண்டியதில்ல. உங்க குடும்பத்துல முதல் பட்டதாரி நீங்கதானே? அவங்களை நினைச்சுப் பாருங்க.”

மாரி நினைத்துப் பார்த்தாள். பட்டமளிப்பு விழா அரங்கின் பளபளத்த தரையைப் பார்த்துவிட்டு அம்மா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்ததும், பக்கத்து நாற்காலிக்காரி உப்பில் வெடித்த அந்தக் காலைப் பார்த்துச் சேலையை இழுத்துக்கொண்டதும், திரும்பி வந்தபோது செருப்பு காணாமல் போயிருந்ததும், அந்த வெயிலில் பேருந்து நிலையம் வரை அம்மா சிரித்துக்கொண்டே நடந்ததும் நினைவுக்கு வந்தன. இந்த மனிதர் அம்மாவை இழுக்காமல் இருந்திருக்கலாம்.

“எங்க குடும்பத்துல முதல்ல படிச்சவ நான்தான் சார். படிச்சதைச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. ஒப்பீட்டுக் குழுவுல விதிக்கு மாறாத் தொட்ட தொடுகை ஒண்ணு பதிவானாலும் அந்தக் குழு மாசுபட்ட குழு. மாசுபட்ட குழுவை வச்சு எடுத்த எந்த முடிவையும் சான்றகம் நிறுத்தி வைக்கணும். மறு ஆய்வு முடியுற வரைக்கும் பழைய முறைதான். மூணாம் வருசப் பாடம்.”

நிர்மலன் எழுந்துவிட்டார். இப்போதுதான் அவள் கையைக் கவனித்தார். “வளையோட தொடப் போறீங்களா? அது வேணும்னு செய்யுற மீறல். உரிமம் போயிடும். மன்னிப்பே கிடையாது, தெரியுமா?”

“தெரியும்.”

“இந்த நாட்டுல எந்த ஆஸ்பத்திரியிலயும் நீங்க ஒரு காய்ச்சல்கூடப் பார்க்க முடியாது. படிச்ச படிப்பு வீண்.”

“எதுக்குப் படிச்சேனோ அதைத்தான் சார் செய்யப் போறேன்.”

ஜெசிந்தா மெல்லக் கேட்டார்: “நீ யோசிச்சுதான் பேசுதியா? வேற வழி ஏதாவது இருக்கும்ட்டி. நான் மேலிடத்துல பேசிப் பாக்கேன். கொஞ்சம் பொறு.”

“நம்ம பொறுத்ததுனாலதான் சிஸ்டர் இங்க வந்து நிக்கோம்.” மாரியின் குரல் முதல்முறையாக உடைந்தது. “மறைச்சு மறைச்சு நல்லது செஞ்சோம். யாருக்கும் தெரியாம செஞ்சதுனால, நல்லதே தேவையில்லைன்னு எழுதிட்டான். இனிமே நான் எதைச் செஞ்சாலும் தெரியணும்.”

“மதியத்துக்குள்ள உங்க மேல உத்தரவு வந்துடும்” என்றார் நிர்மலன். “நாளைக்கு நீங்க நர்ஸே கிடையாது.”

“வரட்டும் சார். மீறல் நடந்த ஷிஃப்ட் முடியாம உரிமத்தைப் பூட்ட முடியாது. நோயாளியப் பாதியில விடக் கூடாதுன்னு அதுவும் உங்க சட்டம்தான்.” அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “ரெண்டு மணி வரைக்கும் நான் நர்ஸ். எனக்குப் பதினோரு படுக்கை இருக்கு.”

நிர்மலன் திரையில் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கதவைத் திறந்தாள். கீழேயிருந்து மருந்து வாடையும் வேலாண்டி யாரையோ திட்டும் சத்தமும் வந்தன.

“ஏட்டி மாரி” என்றார் ஜெசிந்தா பின்னாலிருந்து. கதவருகே அவள் நின்றாள். ஜெசிந்தா தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேலாண்டி கனத்த உடம்பு. ஒத்தையில புரட்டுனா தோல் உரிஞ்சிரும். ரெண்டு ஆள் வேணும்.”

“தெரியும் சிஸ்டர். முதல்ல பிள்ளைய எடுத்துக் குடுத்துட்டு வாரேன்.”

கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு மாரி படியிறங்கினாள்.